பத்து நிமிடக் குக்கி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்தாள். கோவை சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்தேன். இரண்டு மடக்கு குடித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினாள்.

“அத்தை, பக்கத்துக்கு மேல ஒரு அறிவிப்புப் பட்டை இருக்கு. யாராவது அதை மூடினா பத்து நிமிஷம் தலைகாட்டக் கூடாது. அப்புறம் மறுபடி வரணும். அதுக்கு ஒரு குக்கி வச்சேன். பத்துன்னுதான் போட்டிருக்கேன், பாருங்க. வெள்ளிக்கிழமை மூடினது. இன்னும் வரவே இல்ல.”

பார்த்தேன். பத்து என்றுதான் இருந்தது. அந்தப் பத்தை வாங்கிக்கொள்ளும் ஃபங்ஷனையும் திறக்கச் சொன்னேன். அது அவள் எழுதியதில்லை. குழுவில் யாரோ எப்போதோ எடுத்து ஒட்டி வைத்தது. அதற்குள் ஒரு பெருக்கல் இருந்தது: இருபத்துநாலு, அறுபது, அறுபது, ஆயிரம். அவள் கொடுத்த பத்து அங்கே பத்து நாளாகிவிட்டது.

“குக்கி ஒழுங்காத்தான் இருக்கு கண்ணு. நாளைக்கு விட்டு அடுத்த திங்கக்கிழமை உன் பட்டை தானா வந்துரும்.”

அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நிரல் எழுதுகிறவர்களுக்கு நேரடியாகப் பயன்படும். எழுதாதவர்களுக்கும், நம் போனிலும் கணினியிலும் யார் எதை எவ்வளவு நேரம் வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று தெரிந்திருப்பது நல்லது.

முதலில், குக்கி எதற்கு வந்தது? இணையப் பக்கத்தைத் தரும் சர்வருக்கு ஞாபகம் கிடையாது. நீங்கள் ஒரு பக்கம் கேட்டீர்கள், கொடுத்தது, முடிந்தது. அடுத்த நொடி அடுத்த பக்கம் கேட்டால் நீங்கள் புது ஆள். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மோன்டுல்லி என்ற இளைஞர் இதற்கு ஒரு வழி சொன்னார். எம்சிஐ என்ற தொலைபேசி நிறுவனம் இணையக் கடை ஒன்று நடத்த நினைத்தது. வாடிக்கையாளர் கூடையில் போட்டுவைக்கும் பாதிப் பொருள்களின் கணக்கைத் தன் சர்வரில் சுமக்க அதற்கு விருப்பமில்லை. அந்தக் கணக்கை வாடிக்கையாளரின் கணினியிலேயே ஒரு சின்னத் துண்டாக எழுதி வைத்துவிட்டால்? அடுத்த தடவை வரும்போது பிரவுசர் அந்தத் துண்டைத் தானே நீட்டும், சர்வர் படித்துக்கொள்ளும். யூனிக்ஸ் உலகத்தில் ஏற்கெனவே ‘மேஜிக் குக்கி’ என்றொரு பெயர் புழங்கியது. அதிலிருந்து குக்கி ஆனது.

ஒரு துண்டுக்கு ஒரு பெயர், ஒரு மதிப்பு. கூடவே எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்ற குறிப்பு. இந்தக் கடைசிக் குறிப்பில்தான் அண்ணன் மகள் மாட்டிக்கொண்டிருந்தாள்.

மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரை அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் காலாவதித் தேதி அச்சடித்திருக்கும். அதை அச்சடித்தது கம்பெனி. அந்தத் தேதியைப் பார்த்துத் தூக்கிப் போடுவது யார்? நாம்தான், நம் வீட்டுக் காலண்டரைப் பார்த்து. குக்கியும் அப்படித்தான். தேதி போடுவது இணையதளம். எடுத்துப் போடுவது உங்கள் பிரவுசர், உங்கள் கணினியின் கடிகாரத்தைப் பார்த்து.

சரி, கண் சொட்டுமருந்து வாங்கியிருக்கிறீர்களா? அதில் இரண்டு குறிப்பு இருக்கும். ஒன்று அச்சடித்த தேதி. இன்னொன்று, திறந்து இத்தனை நாளுக்குள் பயன்படுத்தவும் என்பது. குக்கியிலும் இதே இரண்டு வகை உண்டு. ‘எக்ஸ்பயர்ஸ்’ என்பது அச்சடித்த தேதி: இந்த நாள், இந்த மணி, இந்த நிமிடம் வரை. ‘மேக்ஸ்-ஏஜ்’ என்பது திறந்ததிலிருந்து எண்ணுவது: கையில் வாங்கிய கணத்திலிருந்து இத்தனை விநாடி. நெட்ஸ்கேப் முதலில் வகுத்த முறையில் எக்ஸ்பயர்ஸ் மட்டும்தான் இருந்தது. 1997இல் வந்த ஆர்எஃப்சி 2109 என்ற தரவிதியில் மேக்ஸ்-ஏஜ் சேர்ந்தது. இன்றைய பிரவுசர்கள் பின்பற்றும் முறைக்கு அடிப்படை 2011இல் வந்த ஆர்எஃப்சி 6265. இரண்டையும் ஒரே குக்கியில் எழுதினால் மேக்ஸ்-ஏஜ் சொல்வதுதான் செல்லும் என்று அது சொல்கிறது.

ஜாவாஸ்கிரிப்டில் குக்கி வைக்கும் பழைய ஃபங்ஷன்கள் எல்லாம் எக்ஸ்பயர்ஸை வைத்தே எழுதப்பட்டவை. இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் எட்டாம் பதிப்பு வரை மேக்ஸ்-ஏஜ் என்று எழுதினால் அது கண்டுகொள்ளாது. அன்றைக்கு அந்த பிரவுசரைத் தவிர்த்து யாரும் எதுவும் எழுத முடியாது. அதனால் தேதி போட்டார்கள். அன்று குக்கியில் பெரும்பாலும் வைத்தது பயனரின் பெயர், அவருக்குப் பிடித்த நிறம், எழுத்தின் அளவு மாதிரி விஷயங்கள். முப்பது நாள், ஒரு வருஷம் என்று இருக்க வேண்டியவை. ஆகவே ஃபங்ஷன் நாள் கணக்கில் வாங்கிக்கொண்டது. அந்த ஃபங்ஷன் பாடங்களிலிருந்து பாடங்களுக்கும், அலுவலகத்திலிருந்து அலுவலகத்துக்கும் நகர்ந்து இன்றுவரை வந்துவிட்டது. இன்றும் பலர் பயன்படுத்தும் ‘ஜேஎஸ்-குக்கி’ என்ற நூலகத்திலும் வெறும் எண் கொடுத்தால் அது நாள்தான். ஒரு நாளுக்குக் குறைவாக வேண்டுமென்றால், தேதியை நாமே கணக்குப் போட்டுக் கொடுக்கச் சொல்கிறார்கள் அதை எழுதியவர்கள்.

“அப்போ பத்து நிமிஷத்தை நாளா மாத்திக் குடுத்தா? பத்தைத் தூக்கி ஆயிரத்து நானூத்தி நாப்பதால வகுத்தா?” என்றாள்.

வேலை செய்யும். ஆனால் அப்படி எழுதாதே என்றேன். ஆறு மாதம் கழித்து அந்த வரியைப் படிப்பவருக்கு 0.00694 என்ற எண்ணிலிருந்து என்ன புரியும்? ஜாவாஸ்கிரிப்ட் நேரத்தை மில்லி விநாடியில் எண்ணும், 1970 ஜனவரி 1இலிருந்து. பத்து நிமிடம் என்பது அதன் கணக்கில் 6,00,000. இப்போதைய நேரத்தை எடு, அதோடு பத்து, அறுபது, ஆயிரம் மூன்றையும் பெருக்கிக் கூட்டு. மூன்று எண்ணையும் தனித்தனியாகவே எழுது. படிக்கிறவர் பத்து நிமிடம் என்று வாய்விட்டுப் படிக்கட்டும்.

அவள் அங்கேயே மாற்றினாள். மாற்றியதும் இரண்டாவது சிக்கல் வந்தது. தன் பிரவுசரில் இருந்த பழைய குக்கியை நீக்கிவிட்டுப் பட்டையை மூடினாள், பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம், டீ ஆறிப்போனது, பட்டை வரவில்லை.

இந்தச் சிக்கல் இந்தியா போன்ற இடங்களில் இருந்து எழுதுகிறவர்களுக்கு வாய்த்த ஒன்று. எக்ஸ்பயர்ஸில் போடும் தேதி ஜிஎம்டி நேரத்தில் இருக்க வேண்டும். அதற்கென்றே ஜாவாஸ்கிரிப்டில் ‘டூ-யூடிசி-ஸ்ட்ரிங்’ என்ற வசதி இருக்கிறது. அவள் செய்ததுபோல் அதை அழைக்காமல் தேதியை அப்படியே ஒட்டினால் நம்மூர் நேரம் எழுத்தாகப் போய்ச் சேரும், கடைசியில் +0530 என்ற வால் இருக்கும். தரவிதி சொல்லும் முறைப்படி தேதியைப் படிக்கும் பிரவுசர் அந்த வாலைப் பார்ப்பதே இல்லை. நாள், மாதம், வருடம், மணி நான்கையும் பொறுக்கிக்கொண்டு, இது ஜிஎம்டி என்று வைத்துக்கொள்ளும். கோவையில் மாலை 6 மணிக்கு மூடினால் 6:10 என்று எழுதுகிறோம். ஜிஎம்டி 6:10 என்பது நமக்கு இரவு 11:40. பத்து நிமிடக் குக்கி ஐந்து மணி நாற்பது நிமிடம் உட்கார்ந்திருக்கும்.

இதே நிரலைச் சிங்கப்பூரில் ஓட்டினால் எட்டு மணி பத்து நிமிடம். நியூயார்க்கில் ஓட்டினால் இன்னும் வேடிக்கையான பலன்: அங்கே கடிகாரம் ஜிஎம்டிக்குப் பின்னால் ஓடுவதால் எழுதிய நேரம் எப்போதோ கடந்துபோன நேரமாகிவிடும். குக்கி வைக்கும்போதே செத்துப்போகும். குளிர்கால லண்டனில் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும், ஏனென்றால் அங்கே உள்ளூர் நேரமே ஜிஎம்டிதான். ஒரே வரி நான்கு ஊரில் நான்கு விதமாக நடந்துகொள்ளும். சில பிரவுசர்கள் இந்த வாலை மதித்துப் படித்ததும் உண்டு என்பதால் ஒரே மேசையில் இரண்டு பிரவுசரில் இரண்டு விடை கிடைத்துக் குழம்பியவர்களும் இருக்கிறார்கள்.

குரோமில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து குக்கிப் பட்டியலைப் பார்த்தோம். அங்கே காலாவதி நேரம் ஜிஎம்டியில்தான் காட்டும், கடைசியில் இசட் என்ற எழுத்தோடு. நம் நேரத்துக்கு மாற்ற ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தப் பட்டியலைப் பார்த்தால் சரியான குக்கி தப்பாகவும், தப்பான குக்கி சரியாகவும் தெரியும். அவளுக்கு முதலில் நடந்தது அதுதான். பட்டியலில் 18:10 என்று பார்த்து, சரியாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

இந்த இடத்தில்தான் நான் மேக்ஸ்-ஏஜ் பக்கம் நிற்கிறேன். ‘மேக்ஸ்-ஏஜ்=600’ என்று எழுதினால் முடிந்தது. தேதி கிடையாது, ஜிஎம்டி கிடையாது, மாதப் பெயரின் எழுத்துப் பிழை கிடையாது. குக்கி கைக்கு வந்த கணத்தில் பிரவுசர் தன் கடிகாரத்தைப் பார்க்கிறது, அறுநூறு விநாடி கூட்டிக் குறித்துக்கொள்கிறது. எழுதுவதும் அதே கடிகாரம், தீர்ப்புச் சொல்வதும் அதே கடிகாரம். வீட்டுக் கடிகாரம் இருபது நிமிடம் முன்னால் ஓடினாலும் பத்து நிமிடம் பத்து நிமிடமாகவே இருக்கும். சர்வர் தன் கடிகாரத்தைப் பார்த்து எக்ஸ்பயர்ஸ் எழுதி அனுப்பும்போது இந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு வருடக் குக்கியில் இருபது நிமிடப் பிசகு யாருக்கும் தெரியாது. பத்து நிமிடக் குக்கியை அது விழுங்கிவிடும். வாழ்நாள் குறையக் குறைய, சின்னத் தவறுகள் பெரிதாகத் தெரியும். இன்டர்நெட் எக்ஸ்புளோரரை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் கைவிட்டுவிட்டது. ஆகவே புதிதாக எழுதுகிறவர்கள் குறுகிய காலக் குக்கிக்கு எக்ஸ்பயர்ஸைத் தேட இன்று காரணம் எதுவும் இல்லை.

மேக்ஸ்-ஏஜிலும் கால் தடுக்கும் இடங்கள் உண்டு. அது விநாடிக் கணக்கு. மில்லி விநாடியில் பழகிய கை 6,00,000 என்று எழுதிவிடும். ஆறு லட்சம் விநாடி என்பது ஏழு நாளுக்குச் சற்றுக் குறைவு. எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும்: விநாடி என்று நினைத்துக்கொண்டு தேதியோடு வெறும் 600ஐக் கூட்டினால் முக்கால் விநாடிகூட ஆயுள் இராது. குக்கி வைத்தோமா இல்லையா என்றே சந்தேகம் வரும்.

இதில் வருத்தம் என்னவென்றால் பிரவுசர் எதற்கும் வாய் திறக்காது. ‘எக்ஸ்பயர்ஸ்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தை விட்டுவிட்டால் பிழை என்று சொல்லாது, தெரியாத சொல் என்று தள்ளிவிட்டுக் குக்கியை மட்டும் எடுத்துக்கொள்ளும். மேக்ஸ்-ஏஜில் 37.5 என்று புள்ளி வைத்து எழுதினால் தரவிதிப்படி அந்தக் குறிப்பே செல்லாது. குறிப்பில்லாத குக்கி ‘செஷன் குக்கி’ ஆகிறது. பிரவுசரை மூடும்வரை இருக்கும் என்று பாடத்தில் படித்திருப்போம். ஆனால் இன்று யார் பிரவுசரை மூடுகிறார்கள்? மூடினாலும், விட்ட இடத்திலிருந்து தொடர் என்ற வசதியைப் போட்டு வைத்திருந்தால் மறுபடி திறக்கும்போது செஷன் குக்கிகளும் கூடவே எழுந்து வரும். தேதி போடாமல் விட்டால் சீக்கிரம் போய்விடும் என்று நம்புகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொரு தவறு இதைவிட நுட்பமானது. நான்கூடப் பல வருடம் கழித்துத்தான் இதைக் கண்டுபிடித்தேன். பத்து நிமிட ஆயுளோடு ஒரு குக்கி வைக்கிறோம். நடுவில் அதன் மதிப்பை மட்டும் மாற்ற வேண்டியிருக்கிறது. பெயரும் புது மதிப்பும் போட்டு எழுதுகிறோம், ஆயுளை மறுபடி எழுதவில்லை. பழைய ஆயுள் தொடரும் என்று மனம் சொல்லும். தொடராது. புதிதாக எழுதியது பழையதை முழுதாக அழித்துவிட்டு உட்காரும். ஆயுள் எழுதாததால் அது செஷன் குக்கி. ஒவ்வொரு முறை எழுதும்போதும் ஆயுளையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இதையே நன்மையாகவும் பயன்படுத்தலாம். ஒவ்வொரு முறையும் ஆயுளைப் புதுப்பித்து எழுதினால், கடைசியாக ஆள் அசைந்ததிலிருந்து இத்தனை நிமிடம் என்ற கணக்கு கிடைக்கும். கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பில் ‘யூடிஎம்பி’ என்று ஒரு குக்கி இருந்தது. அதன் ஆயுள் முப்பது நிமிடம். நீங்கள் தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதெல்லாம் முப்பது நிமிடம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். அரை மணி நேரம் எதையும் தொடாமல் இருந்துவிட்டு வந்தால் குக்கி போயிருக்கும், அது புதிய வருகையாக எண்ணப்படும். ஒரு வருகை எங்கே முடிந்தது என்ற கேள்விக்கு ஒரு குக்கியின் ஆயுளே விடையாக இருந்தது. அதே நிறுவனத்தின் பிந்திய பதிப்பில் ஒரே ஒரு நிமிடம் வாழும் குக்கியும் இருந்தது, அடிக்கடி கோரிக்கை அனுப்பாமல் தடுப்பதற்காக. குறுகிய ஆயுள் என்பது வினோதமான தேவை இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

“சரி அத்தை, மேக்ஸ்-ஏஜ் போட்டாச்சு. நாளைக்குக் காலைல ஏத்திடறேன்.”

கொஞ்சம் பொறு என்றேன். வெள்ளிக்கிழமையிலிருந்து அந்தப் பட்டையை மூடியவர்கள் எத்தனை பேர்? அவர்கள் ஒவ்வொருவரின் பிரவுசரிலும் பத்து நாள் ஆயுளோடு பழைய குக்கி உட்கார்ந்திருக்கிறது. அது இருக்கும்வரை பட்டை வராது. பட்டை வராததால் மூட மாட்டார்கள். மூடாததால் உன் புது வரி ஓடவே ஓடாது. நீ நிரலைத் திருத்திவிட்டாய், ஏற்கெனவே கொடுத்த அட்டையில் அச்சடித்த தேதி மாறவில்லை.

அவள் யோசித்தாள். “பழசு எது, புதுசு எதுன்னு ஆயுளைப் பாத்துக் கண்டுபிடிச்சு, பழசா இருந்தா அழிச்சுடலாமே?”

நல்ல யோசனைதான், ஆனால் நாம் எழுதும் இந்த முறையில் வழி இல்லை. டாக்குமென்ட்.குக்கி என்று கேட்டால் ஜாவாஸ்கிரிப்டுக்குக் கிடைப்பது பெயரும் மதிப்பும் மட்டுமே. ஆயுளை எழுதலாம், படிக்க முடியாது. எந்தப் பாதைக்கு எழுதினோம் என்பதையும் படிக்க முடியாது. எவ்வளவு நேரம் மிச்சம் என்று தெரிய வேண்டுமானால், வைக்கும்போதே வைத்த நேரத்தை மதிப்பாக எழுதிவைக்க வேண்டும். உன் பழைய குக்கியில் வெறும் ‘ஆம்’ என்றுதான் இருக்கிறது. ஆகவே குக்கியின் பெயரை மாற்று. புதுப் பெயரை மட்டும் பார். பழைய பெயரை ஒரு முறை அழித்துவிடு.

இந்த முறையில் அழிப்பதற்கும் தனிக் கட்டளை கிடையாது. அதே பெயரில் மேக்ஸ்-ஏஜ் சுழியம் என்று எழுத வேண்டும். பிரவுசர் அந்தக் கணமே எடுத்துப் போட்டுவிடும். பாதையும் டொமைனும் வைத்தபோது இருந்தது போலவே இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பாதை எழுதாமல் வைத்தால், அப்போது பார்த்துக்கொண்டிருந்த பக்கம் எந்த அடைவில் இருந்ததோ அதுவே பாதையாகிவிடும். வேறு அடைவிலிருந்து அழித்தால் அழியாது, ஒன்றும் நடக்காமல் அமைதியாக இருக்கும். ஒரே பெயரில் இரண்டு பாதைகளில் இரண்டு குக்கிகள் இருக்கவும் முடியும். தொடக்கத்திலேயே பாதையைச் சாய்வுக்கோடு என்று எழுதிவிட்டால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

நீண்ட காலக் குக்கி வேண்டுவோருக்கு ஒரு வார்த்தை: ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய குக்கியை ஆப்பிளின் சஃபாரி 2019இலிருந்து ஏழு நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. குரோம் 2022இலிருந்து எந்தக் குக்கியையும் 400 நாளுக்கு மேல் அனுமதிப்பதில்லை. நம் பத்து நிமிடத்தை இது எதுவும் தொடாது.

இன்னொரு டீ வைக்கப் போனேன். சமையலறை வாசலில் வந்து நின்று கேட்டாள்: “பத்து நிமிஷம் ஆனதும் பட்டை தானா வந்துருமா?”

வராது. குக்கி காலாவதியாகும்போது மணி எதுவும் அடிக்காது. அடுத்த முறை நீ கேட்கும்போது இல்லை என்று தெரியும், அவ்வளவே. பக்கத்தைப் புதுப்பிக்காமல் ஒருவர் திறந்தே வைத்திருந்தால் பட்டையைக் கொண்டுவர நீயே ஒரு டைமர் வைக்க வேண்டும். டைமரையும் முழுக்க நம்பாதே. ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் தாவலில் குரோம் டைமர்களை நிமிடத்துக்கு ஒரு முறைதான் எழுப்பும். லேப்டாப்பை மூடிவைத்தால் அதுவும் தூங்கிவிடும். ஆள் அந்தத் தாவலுக்குத் திரும்பி வரும் கணத்தில் குக்கி இருக்கிறதா என்று ஒரு முறை பார். அது போதும்.

அறிவிப்புப் பட்டைக்கு இவ்வளவு போதும். அடுத்து அவள் கேட்டதுதான் எனக்குக் கவலை தந்தது. இதே முறையில் லாகினையும் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாமா என்றாள்.

கூடாது. மாத்திரை அட்டைக்கே திரும்பி வருகிறேன். தேதி முடிந்தபின் தூக்கிப் போடுவது வீட்டுக்காரரின் பழக்கம், கம்பெனியின் கட்டுப்பாட்டில் அது இல்லை. டெவலப்பர் டூல்ஸில் குக்கியின் காலாவதி நேரத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். மதிப்பை நகலெடுத்து வைத்துக்கொண்டு, குக்கி போனபின் மறுபடி எழுதலாம். உள்ளே வந்தவர் இன்னும் உள்ளே இருக்கத் தகுதியானவரா என்பதைச் சர்வர் தன் கணக்குப் புத்தகத்தில், தன் கடிகாரத்தில் வைத்திருக்க வேண்டும். குக்கியின் ஆயுள் பிரவுசருக்குச் செய்யும் வேண்டுகோள். சர்வரின் ஆயுள் கணக்குதான் பூட்டு. அதோடு, லாகின் குக்கியை ஜாவாஸ்கிரிப்டில் வைக்கவே கூடாது. ஜாவாஸ்கிரிப்ட் எழுதிய குக்கியை அந்தப் பக்கத்தில் ஓடும் எந்த ஜாவாஸ்கிரிப்டும் படிக்கும், வேறு யாரோ உள்ளே நுழைத்தது உட்பட. இதைத் தடுக்கவே ‘எச்டிடிபி-ஒன்லி’ என்ற குறிப்பு 2002இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6இன் முதல் சர்வீஸ் பேக்கில் வந்தது. சர்வர் மட்டும்தான் அந்தக் குறிப்போடு குக்கி வைக்க முடியும். அதோடு ‘செக்யூர்’, ‘சேம்சைட்’ என்ற குறிப்புகள் இரண்டையும் சேர்த்தால் ஒரு லாகின் குக்கி இருக்க வேண்டியபடி இருக்கும்.

லாகினுக்கு எத்தனை நிமிடம் என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை என்னிடம் இல்லை. பழைய ஏஎஸ்பியில் செஷன் ஆயுள் சொல்லாமல் விட்டால் 20 நிமிடம். பிஎச்பியில் 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். இந்த எண்கள் எந்த மனிதரையும் பார்த்து வைத்தவை இல்லை.

வேலைக்கு வந்த முதல் ஆண்டுகளில் ஒரு கல்வி உதவித்தொகை விண்ணப்பப் பக்கம் எழுதினேன். 20 நிமிடத்தை அப்படியே விட்டிருந்தேன். ஒரே பக்கத்தில் நீளமான படிவம். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, சாதிச் சான்றிதழ் எண்ணையும் வருமானச் சான்றிதழ் எண்ணையும் பையிலிருந்து எடுத்துப் பார்த்துப் பார்த்து ஒரு விரலால் தட்டுகிறவருக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரமும் சர்வருக்கு ஒரு சத்தமும் போகாது. கடைசியில் சமர்ப்பி என்று அழுத்தினால் மறுபடி லாகின் பக்கம். எழுதியது எல்லாம் போய்விட்டது. ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்து உட்கார்ந்த ஒரு தகப்பனார் தொலைபேசியில் அழைத்துச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. அவர் திட்டவில்லை. நான் ஏதாவது தப்பா அழுத்திட்டனாம்மா என்று கேட்டார்.

அதே பிரவுசிங் சென்டரில் இதற்கு நேரெதிர்ப் பக்கமும் இருக்கிறது. அவர் எழுந்து போனபின் அதே நாற்காலியில் அடுத்தவர் உட்காருவார். முந்தியவரின் லாகின் இன்னும் திறந்திருந்தால் அவருடைய மதிப்பெண், வங்கிக் கணக்கு எண், முகவரி எல்லாம் திரையில் வந்து நிற்கும். ஒரே போனை மூன்று பேர் பயன்படுத்தும் வீடுகள் நம்மிடம் ஏராளம். குறுகிய ஆயுள் அங்கேதான் உண்மையாகத் தேவைப்படுகிறது. ஆகவே ஆயுளைக் குறைவாக வை, ஆனால் ஆள் தட்டெழுதிக்கொண்டிருக்கும்போது இடையிடையே சர்வருக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்பிப் புதுப்பித்துக்கொண்டிரு. முடியப் போகிறது என்று இரண்டு நிமிடம் முன்னதாகத் தமிழில் சொல். எழுதியதை வரைவாகச் சேமித்து வை. இந்த மூன்றையும் நான் அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகுதான் செய்தேன்.

இரண்டாவது டீயும் முடிந்திருந்தது. அவள் ஃபங்ஷன் வாங்கும் ஆயுள் எண்ணுக்கு இருந்த பழைய பெயரை அழித்துவிட்டு ‘விநாடி’ என்ற பொருள் வரும் பெயரை வைத்தாள். குக்கிக்குப் புதுப் பெயர் வைத்தாள், பழையதை அழிக்கும் வரியையும் சேர்த்தாள். பட்டையை மூடிவிட்டு மணியைப் பார்த்தோம். ஏழு முப்பத்திரண்டு. பேச்சு அவள் அம்மாவின் முழங்கால் வலிக்குப் போய்விட்டது. ஏழு நாற்பத்துமூன்றுக்குப் பக்கத்தைப் புதுப்பித்தாள். பட்டை வந்தது.

உங்கள் குழுவின் நிரலிலும் இப்படியொரு ஃபங்ஷன் இருக்கக்கூடும். நாளைக் காலை வேலை தொடங்கும் முன் அதை ஒரு முறை திறந்து, அது வாங்கும் எண் நாளா, நிமிடமா, விநாடியா என்று பார்த்து, அதன் பெயரிலேயே அந்த அலகை எழுதிவிடுங்கள்.